மஞ்சள் சேலையும் மஞ்சள் பெட்டியும்

கோயிலுக்கல்லாமல் வேறோர் இடத்துக்கு நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போனது என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான். அது ஓட்டுச் சாவடி.

வெள்ளைக்காரன் காலம். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊர் பதினைந்து வீடு. சாமையும் தினையும் விளையும். ஒருநாள் மணியக்காரர் மலையேறி வந்து ஒரு காகிதத்தை விரித்தார். நிலத்துக்குக் கிஸ்தி கட்டுகிறவர்களின் பெண்சாதிகளுக்கும் இந்தத் தடவை ஓட்டு உண்டு என்றார். எங்கள் ஊரில் மூன்று பெண்களுக்கு வந்திருந்தது. நான், என் கொழுந்தனார் பெண்சாதியான ஓரகத்தி, அப்புறம் என் சின்னாத்தா. சின்னாத்தா என் அம்மாவின் தங்கை. எங்கள் ஊரிலேயே வாக்கப்பட்டு, பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் புருசனைப் பறிகொடுத்தவள்.

என் வீட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை.

"கிஸ்தி கட்டறது நானு, ஓட்டுப் போடறது நீயா? அப்ப நான் சோறு தின்னா உனக்கு ஏப்பம் வருமா புள்ள?"

"உங்களுக்குந்தான் ஓட்டு இருக்குதுங்களே. நீங்க தனியா ஏப்பம் உடுங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மிளகு கொண்டுபோக ஆள் வேண்டியிருந்ததால் பேசினார்.

அந்த மிளகோடு செம்மேட்டுச் சந்தைக்குப் போனபோது, கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டவர், நல்ல குரல். "இந்த ஓட்டு யாரும் போட்ட பிச்சை இல்லை. நம்மைப் போன்ற பொம்பளைகள் வருசக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கியது. அன்றைக்கு அதுக்கு மரியாதையாக நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். துவைத்த சேலையைத்தான் அவர் சொல்லியிருப்பார். இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் மரியாதைக்குக் கட்டுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டுகிற சேலை. எத்தனையோ பேர் கேட்டுக் கேட்டு வாங்கியது என்றால், ஆத்தாள் மனசு வைக்காமல் அது நடந்திருக்குமா? நான் அன்றைக்கே மனசுக்குள் நேர்ந்துகொண்டேன்.

பெரிய பானையில் மஞ்சளைக் கரைத்து வைத்தேன். வீடெல்லாம் திருவிழா வாசம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டுப் போடப் போறீங்களா, தீ மிதிக்கப் போறீங்களா?"

"போயிப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றாள் ஓரகத்தி. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் பயம்.

சின்னாத்தா தள்ளியே நின்றாள். மஞ்சள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வராமல் நிற்கப் பழகியிருந்தாள். கல்யாண வீட்டில் அடுப்படி, கோயிலில் கடைசி வரிசை, சீர் நடந்தால் மாட்டுக்கொட்டகை.

"எனக்கு வெள்ளையே போதும் கண்ணு. நீங்க கட்டுங்க."

"சின்னாத்தா, பட்டியல நான் படிச்சுப் பாத்தேன்" என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு அன்றைக்கு உதவியது. "எங்க ரெண்டு பேருக்கும் அதுல பேரே இல்ல. இன்னார் சம்சாரம், இன்னார் சம்சாரம்னு எழுதியிருக்குது. நெலம் உன்ற பேருல இருக்கறதால உன்னோட பேரு மட்டுந்தான் பேரா இருக்குது. ஓட்டே உன்னுதுதான். நாங்க சும்மா தொணைக்கு வாரோம்."

அவள் பானைக்குப் பக்கத்தில் வந்தாள். தண்ணீருக்குள் ஒரு விரலை விட்டாள். எடுத்துப் பார்த்தாள். வெள்ளைச் சேலையில் துடைத்தாள். இடுப்பில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது.

"கறையாயிருச்சு. இனி இத என்ன பண்றது? முழுசா நனைச்சிரு" என்றாள்.

ஓட்டு அன்றைக்கு விடிந்ததும் இறங்க ஆரம்பித்தோம். சாவடி இருந்த அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு ஒத்தையடிப் பாதைதான். என் வீட்டுக்காரரும் கூட வந்தார், அவருக்கும் ஓட்டு இருந்ததால். மலையில் குளிர் விடாத மாசம். அவர் தலையோடு கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் மூன்று மஞ்சள் சேலை. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். ஒருவர் சின்னாத்தா காலில் விழுந்து, "ஆத்தா, என்ற எருமை காணாமப் போச்சு, எந்தத் திக்குன்னு சொல்லு" என்று கேட்டார். சின்னாத்தா பயந்துபோய்க் கிழக்கே கையைக் காட்டிவிட்டாள். எருமை என்ன ஆயிற்றோ, தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. வெளியே கட்சிக்கொரு கொட்டகை போட்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒரு கொட்டகையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். "வாங்க தாயி, வாங்க! நம்ம ஆளுங்க!" என்று பானகம் கொடுத்தார்கள். நேர்ந்துகொண்டு வந்தவர்களுக்குப் பானகம் கொடுப்பது எங்கும் உள்ளதுதானே? நாங்கள் ஆளுக்கு இரண்டு செம்பு குடித்தோம். கீழ்நாட்டில் பக்தி இன்னும் இருக்கிறது என்று எனக்குச் சந்தோசம்.

வரிசையில் நின்று, வெயில் ஏறி இறங்கி, வாசல்படியை நெருங்கும்போது மணி மூன்று. அப்போதுதான் இன்னொரு கொட்டகைக்காரரின் ஏஜெண்டு கத்தினார். "சார்! இதப் பாருங்க! உடம்பெல்லாம் பிரச்சாரம்!"

உள்ளே ஓட்டுப் பெட்டிகள் நிறம் நிறமாக இருந்திருக்கின்றன. மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. எழுத்துத் தெரியாதவர்கள் நிறத்தைப் பார்த்துப் போடட்டும் என்று ஏற்பாடு. இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதிகாரி வெளியே வந்தார். கோட்டு போட்டு வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"யாரம்மா உங்களுக்கு இந்தச் சேலை வாங்கிக் கொடுத்தது?"

"என்ற சேலைதானுங்க. மஞ்சள்ல நனைச்சனுங்க."

"எந்தக் கட்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "ஆத்தா கட்சிங்க."

"அப்படி ஒரு பெட்டி இங்கே கிடையாது" என்றார் அவர். முகத்தில் சிரிப்பே இல்லை. "பெட்டியோட நிறத்தை உடம்புல காட்டிக்கிட்டு உள்ளே வரக்கூடாது. அஞ்சு மணிக்குப் பெட்டியை மூடி முத்திரை வெச்சுருவேன். அதுக்குள்ளே வேற துணி கட்டிக்கிட்டு வந்தா ஓட்டு. இல்லாட்டி, வந்த வழியே போகலாம்."

மாற்றுத் துணி மலைமேல் இருந்தது. போய்த் திரும்ப ஒருநாள் ஆகும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இனி எப்போது ஓட்டு வருமோ, யாருக்குத் தெரியும்? கட்டச் சொன்னவளும் நான்தானே.

என் வீட்டுக்காரர் ஆண்கள் வரிசையில் முன்னாலேயே தன் ஓட்டைப் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நிச்சயம் ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து வந்து, "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஓடையில வண்ணார் தொவைக்கறாரு. மாத்துச் சேலை கேட்டுப் பாக்கலாம் வா" என்றார்.

சடங்கு, பிள்ளைப்பேறு என்று ஒன்று வந்தால் வண்ணார் வெளுத்த மாத்துச் சேலை தருவது வழக்கம். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன விசேசமுங்க?" என்று கேட்டார்.

"ஓட்டுங்க" என்றேன்.

"ஓட்டுக்கு மாத்துக் குடுத்து வழக்கமில்லீங்களே."

"பொம்பளைங்க ஓட்டுப் போட்டும் வழக்கமில்லீங்களே."

அவர் அதை ஒரு நிமிசம் யோசித்து, ஒத்துக்கொண்டார். காய்ந்த துணிகளில் ஒரு பச்சையை எடுத்து நீட்டினார். "பச்சை வேண்டாம், பெட்டி இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர். சிவப்பை எடுத்தார். "அதுக்கும் பெட்டி இருக்குது." வண்ணார் திகைத்துப்போனார். "கவருமெண்டு எந்த நிறத்தைத்தானுங்க மிச்சம் வெச்சிருக்குது?" கடைசியில் எனக்கொரு கத்தரிப்பூச் சேலையும், ஓரகத்திக்கு மூக்குப்பொடி நிறத்தில் ஒன்றும் கிடைத்தன. தாழம்புதர் மறைவில் மாற்றிக்கொண்டோம்.

சின்னாத்தாவுக்கு ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து நீட்டினார் வண்ணார். அவள் கையை நீட்டவில்லை. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போயிப் போட்டுட்டு வாங்க சாமி. நான் இத அவுக்க மாட்டேன்."

"சின்னாத்தா, உன்ற பேரு இருக்குது. நீ போடாம நாங்க போடறதா?"

"கண்ணு, நீ இத இப்ப அவுத்தாலும், அடுத்த நோம்பிக்குக் கட்டுவ. நான் அவுத்தா அவுத்ததுதான். மறுபடியும் யாரு கட்ட உடுவாங்க? காலைல எத்தன பேரு கும்பிட்டாங்க பாத்தயா? பன்னெண்டு வருசமா என்னக் கண்டா மொகத்தத் திருப்பற சனம்." குரல் அழுகிறது போலத்தான் இருந்தது, ஆனால் அவள் அழவில்லை. "இதோட உடுவாங்கன்னா போடறேன். இல்லாட்டி எனக்கு ஓட்டு வேண்டாம்."

மணி நாலு தாண்டியிருந்தது. ஆத்தா, நேர்ந்துகொண்டது நான், தண்டனை அவளுக்கா என்று மனசுக்குள் கதறினேன்.

என் வீட்டுக்காரர் தோளில் மடித்துப் போட்டிருந்த கம்பளியை எடுத்து உதறினார்.

"அத்தே, நீங்க ஒண்ணையும் அவுக்க வேண்டாம். மேலால இதப் போத்திக்குங்க. கறுப்புப் பெட்டி உள்ள இல்ல. நான் நல்லாப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

மறுபடியும் வரிசையில் நின்றோம். கத்தரிப்பூ நிறத்தில் நான், பொடி நிறத்தில் ஓரகத்தி, கடைசியில் தலை முதல் கால் வரை கம்பளியாகச் சின்னாத்தா. மலையிலிருந்து கரடி இறங்கி வந்து ஓட்டுப் போட நிற்கிறது என்று பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அது போதாதென்று, எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு பண்ணைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, அது என்ற சேலையாச்சே!"

"ஆமாங்க, உங்குளுதுதானுங்க" என்றேன். வேறென்ன சொல்ல? "நல்லா வெளுத்திருக்காருங்க."

அந்த அம்மா என் முந்தானையை எட்டிப் பிடித்தார். ஓட்டுப் போட்டுவிட்டு நான் மலையேறி ஓடிவிடுவேனோ என்று பயம். வாசல்படி வரைக்கும் விடவில்லை. நான் உள்ளே போனபோதும் முந்தானையின் நுனி வெளியே அவர் கையில்தான் இருந்தது.

திரைக்குள்ளே மூன்று பெட்டிகள். நான் எதில் போட்டேன் என்று என் வீட்டுக்காரருக்கே இன்றுவரை சொல்லவில்லை. ஆத்தாளை நினைத்துக் கண்ணை மூடினேன், சீட்டைப் போட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஓரகத்தி போட்டுவிட்டு வந்து, அதிகாரியிடம் கையை நீட்டினாள். "திருநீறு தாங்க சாமி." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆசீர்வாதம் செய்வதற்குப் பதிலாகத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார் என்று அவளுக்குக் குறை.

பிறகு கம்பளி உள்ளே போனது.

"என்னம்மா, காய்ச்சலா?" என்றார் அதிகாரி.

"மலைக்காரிங்க. குளிருதுங்க" என்றாள் சின்னாத்தா. அவள் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரைக்கம்பியின் மேல் தொப்பென்று கம்பளி வந்து விழுந்தது.

"அம்மா! உள்ளே என்ன செய்யறே?"

"வேர்க்குதுங்க சாமி."

கம்பளிக்கு அந்தப் பக்கம் அவள் மஞ்சள் சேலையோடு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் காகிதம் விழுகிற சின்னச் சத்தம் கேட்டது. ஏஜெண்டு எழுந்து நின்று, "சார், அந்தம்மா உள்ள என்ன கட்டியிருக்குதுன்னு கேளுங்க!" என்று கத்தினார். சின்னாத்தா கம்பளியைக் கையில் மடித்துப் பிடித்தபடி, பளபளவென்று மஞ்சளாக வெளியே வந்தாள். எல்லாரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓட்டு விழுந்தாச்சு. போட்டு முடிச்சவங்க என்ன கட்டினா எனக்கென்ன? அடுத்த ஆள்!"

பண்ணைக்கார அம்மாவும் உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்து, ஓடை வரைக்கும் எங்களோடு நடந்து தன் சேலையை வாங்கிக்கொண்டார். திரும்பிப் போகும்போது சின்னாத்தாவைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்தபிறகும் சின்னாத்தா சேலையை மாற்றவில்லை. மறுநாள் ஊர்க்கவுண்டர் அவள் வாசலில் வந்து நின்று, "ஓட்டுத்தான் முடிஞ்சுதில்ல, இன்னும் எதுக்கு மஞ்சள்?" என்று கேட்டார்.

"எங்கீங்க முடிஞ்சுது? பெட்டியத் தொறந்து எண்ணிச் சொல்லணுமில்லீங்களா? காரியம் முடியாம நேந்த சேலைய அவுத்தா ஆத்தா சும்மா இருப்பாளுங்களா?" என்றாள் சின்னாத்தா.

அவருக்கு ஓட்டு எண்ணுவது பற்றித் தெரியாது. ஆத்தாளைப் பற்றித் தெரியும். போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்காரர் செம்மேட்டுச் சந்தைக்குப் போய் வந்தார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் விலைவாசி சொன்னார், ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெல்லம் கட்டி வந்த காகிதத்தை நான் பிரித்தேன். பத்திரிகைத் தாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் பக்கத்து முடிவு அதில் இருந்தது. நிமிர்ந்தால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை நாலாக மடித்து அடுப்பில் வைத்தேன். அவர் வெல்லத்தை ஒரு கடி கடித்துவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் சின்னாத்தா வந்தாள். சேலையின் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்ததால், மறுபடியும் நனைக்க மஞ்சள் கேட்டு வந்தாள்.

"இன்னும் எண்ணி முடிக்கலயா கண்ணு?"

"இல்ல சின்னாத்தா. ரொம்பப் பேரு போட்டிருக்காங்களாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். மஞ்சளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மெதுவா எண்ணட்டும் சாமி" என்றாள்.