பாப்பாவின் வகுப்பில் அக்கா

எங்கள் அக்காவோடு தெரியாமல்கூட யாரும் பகை வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் பேனா முனையை உடைத்தவளிடம் இன்றுவரை அவள் பேசுவதில்லை. அப்படிப்பட்டவளின் வாழ்க்கையையே ஒருவர் உடைத்தார். அவர் எங்கள் தாய்மாமா. நல்லா இருக்கட்டும் மகராசன்!

எங்கள் வீட்டில் எந்த ஆபீஸ் காரியமானாலும் மாமா வாயால்தான் நடக்க வேண்டும். அப்பாவுக்குக் கவுன்ட்டரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளி முடித்த வருடம் அக்காவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. உள்ளூர்க் கல்லூரியில் பௌதிகம், வெளியூரில் கணக்கு. அவள் பௌதிகத்தைத் தேர்ந்தெடுத்தாள். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாமா கிளம்பினார். திரும்பி வந்து, "லேட்டாயிடுச்சும்மா, ரெண்டு இடமும் போச்சு" என்று உதட்டைப் பிதுக்கினார். அந்த வருடம் அதே பௌதிகத்தில் அவர் மகள் சேர்ந்தாள். அவளுக்கு வீட்டுப்பெயர் பாப்பா. தலை நரைத்த பிறகும் பாப்பாதான்.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. நாள் முழுக்கத் தண்ணீர் தெறிக்கும், முன்கை முழுக்க வெள்ளைத் தூள். கல்யாணம், பிள்ளைகள், மாமியார் எல்லாம் வந்தன. சக்கரம் மட்டும் நிற்கவில்லை.

போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா வயிறு நிறைந்த சந்தோஷத்தில் வாயை விட்டார். "அன்னிக்கு நான் ரெண்டு காலேஜுக்கும் போய் எங்க பொண்ணு வரலைன்னு சொல்லப்போய்த்தானே, காத்துக்கிட்டிருந்த பாப்பாவுக்கு இடம் கிடைச்சுது! இன்னிக்குப் பாருங்க, அதே காலேஜ்ல வாத்தியார்!" சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரித்தாரே ஒழிய, பின்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன்.

"விடுடி. இவரை அடிச்சு என்ன ஆகப்போகுது? வேற மாதிரி பாத்துக்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம்தான் இந்த வயதில் படிக்கப்போகிறேன் என்று விண்ணப்பம் போட்டாள். இந்த முறையும் இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்று கண் பரிசோதனைப் படிப்பு. வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடம், அவள் வயதுக்கு இதுதான் கடைசி வருடம். கடை முதலாளி, "படிச்சுட்டு வாம்மா. சக்கரத்தை வேற யாராவது பாத்துக்கட்டும், பரிசோதனை ரூம் உனக்கு" என்று சொல்லியிருந்தார். இன்னொன்று உள்ளூர்க் கல்லூரியின் மாலை வகுப்பு. பௌதிகம். பாடம் நடத்துவது பாப்பா.

அக்கா பௌதிகத்தில் சேர்ந்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா? அந்தப் படிப்பு முடிச்சா வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காரலாம். இதை வெச்சு என்ன பண்ணப்போறே?" என்று நான் குதித்தேன்.

"தினமும் அவ என்னைக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கணும். தினமும் என் மூஞ்சியைப் பாத்துப் பாடம் நடத்தணும். நாக்குக் குழறணும். அது போதும் எனக்கு."

"அதுக்காக உன் பொழப்பைக் கெடுத்துப்பியா?"

"கெட்டது கெட்டதுதான். அவளும் கொஞ்சம் துடிக்கட்டும்."

முதலாளி அவளோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. பாப்பா முகத்தில் ஈயாடாமல் நிற்பதை நினைத்து நானும் சிரித்தேன்.

முதல் நாள் அக்கா நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் அவள் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகள். பாப்பா வந்தாள். அக்காவின் எண்ணைக் கூப்பிட்டாள், நிமிர்ந்து பார்த்தாள், டிக் அடித்தாள், அடுத்த எண்ணுக்குப் போனாள். பாடம் தங்குதடையில்லாமல் நடந்தது. அக்காவுக்குத்தான் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

வகுப்பு முடிந்ததும் அக்கா பாப்பாவை வராந்தாவில் மறித்தாள்.

"நீ படிச்சியே, அந்த இடம் என்னோடது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்டி. சேர்ந்த அன்னைக்கே அப்பா சொல்லிட்டார்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று பாப்பா அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், உதறிவிட்டு வரலாம் என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"தெரிஞ்சுமா போய் உக்காந்தே? வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. ஆனா எனக்கும் படிக்கணும்னு ஆசை இருந்துச்சு." பாப்பா புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கண் பரிசோதனைப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைச்சுதுன்னு அத்தை ஊரெல்லாம் சொன்னாங்களே. அதை விட்டுட்டா இங்க வந்தே?"

அக்கா வழியை விடாமல் மறித்தபடியே நின்றாள்.

"அந்தத் தடவை உனக்குக் கெடுதல் பண்ணது எங்கப்பா. இல்லேன்னு சொல்லலை. இந்தத் தடவை நாங்க யாரும் ஒண்ணும் பண்ணலைடி."

சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அக்கா என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! பாப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன், மாமாவை ஏசினேன், ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த அம்மாவையும் விடவில்லை. அக்கா அந்த நல்ல புடவையைக்கூட மாற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓய்ந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"அவ சொன்னது சரிதான்டி" என்றாள். "அதுக்கும் சேத்து அவளை விடமாட்டேன்."