வெளுத்துப்போன மாப்பிள்ளை

நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் பேசின் அது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா இரவல் கொடுத்தது. தலவாக்கலைக்குப் பக்கத்தில், எங்கள் ஓடையில் மிஞ்சிய கடைசிக் கெண்டைச் சோடியை ஊற்றுத் தண்ணீர் விட்டு அதில்தான் வைத்திருந்தோம். அறுபதுகளின் தொடக்கம். தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து டின்களை ஓடையில் கழுவிக் கழுவி, விரல் நீளக் கெண்டை அற்றுக்கொண்டிருந்தது. அதை ஆராய வந்தவரை லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் மீன் தொரை என்பார்கள். நான் அவருக்குக் கையாள்.

"பொம்பளைங்க பிரசவத்துக்கு வச்ச பேசினுங்க தொரை, மீனுக்குக் கூச்சமா இருக்கப்போவுது" என்றார் ஆயா.

"கோளாறு மாப்பிள்ளைக்குத்தான் ஆயா" என்று சிரித்தார் தொரை.

ஆணின் விந்தணு முதலில் வெறும் உருண்டை. அது பிரிந்து, சிறுத்து, வால் முளைத்தால்தான் முட்டையைப் போய்ச் சேரும். அதற்குமுன் ஓடையில் பிடித்த ஆண் மீன்களில் அது உருண்டையிலேயே நின்றுபோயிருந்தது. அதைப் பார்க்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மீனை அறுத்து, விதையை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்ற வேண்டும். "இருக்கான்னு பாக்கப்போயி இல்லாம ஆக்குறோமே" என்பார், கத்தியைத் துடைத்தபடி.

பேசினில் பெண்ணுக்கு வயிறு முட்டிக்கொண்டு நின்றது. பருவத்துக்கு வந்த ஆணுக்கு விலாவில் சிவப்பு ஏறும். இதுவோ சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. இதுவும் தேறாது, செத்து அழுகுமுன் காரணத்தையாவது கண்டுகொள்வோம் என்று அறுத்துவிட்டார்.

சில நாள் கழித்துத்தான் சீவல் தயாரானது. மைக்ரோஸ்கோப்பிலிருந்து அவர் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு விலகி, "நீயும் பாருப்பா" என்றார். சாயத்தில் தோய்ந்த கூட்டம். அத்தனைக்கும் வால்.

"நல்ல தண்ணியில தேறியிருக்கு. வெள்ளைப் பேசின்ல விட்டா மீனு வெளுக்கும். தெரிஞ்ச விசயந்தான், தோணல."

அந்த வாரமே பெண் தாங்காமல் முட்டையைக் கொட்டியது. ஒவ்வொன்றாகப் பால் நிறமாகிப் பூஞ்சணம் பிடித்தது.

"கொட்டிருவோமாங்க தொரை?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்ப்பா."

அவ்வளவு படித்த மனிதர். ஆண் சேராத முட்டை பொரிக்காது என்று அவருக்குத் தெரியாதா? பேசினுக்கு ஊற்றுத் தண்ணீர் மாற்றி வைத்தேன்.