தொப்பை பர்மனெண்ட், கன்னம் கான்ட்ராக்ட்

உடம்பை இளைக்க வைக்கும் தொழிலில் இருப்பவனை யாரும் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதில்லை. வயிற்றைப் பார்த்துத்தான் விசாரிப்பார்கள்.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்த சமயத்தில், தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் நான் மாஸ்டராக இருந்தேன். காலையில் ஆண்கள், சாயங்காலம் பெண்கள். அங்கே வந்தவர்களில் ஒருவர்கூட ‘உடம்பு இளைக்க வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. ‘இந்த இடம் மட்டும்’ என்று தொட்டுக் காட்டிக்கொண்டுதான் வந்தார்கள். தையற்காரரிடம் போய், இங்கே கொஞ்சம் பிடித்துவிடுங்கள், அங்கே அப்படியே இருக்கட்டும் என்று சொல்வோமே, அந்த மாதிரி. குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது மூச்சு முட்டுகிற வாசகர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஒல்லியானவர்களுக்கு நம் கஷ்டம் புரியாது.

குலுக்கல் மெஷின்

எங்கள் முதலாளி பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டிய ஒரு பெல்ட் மெஷினை வாங்கி வந்தார். அகலமான பெல்ட்டை இடுப்பைச் சுற்றி மாட்டி சுவிட்சைப் போட்டால் அது ஆளைப் போட்டுக் குலுக்கும். நாம் சும்மா நின்றால் போதும். ‘சும்மா நின்றால் போதும்’ என்ற வார்த்தைக்கு எந்த ஊரிலும் கிராக்கி உண்டு; எங்கள் ஊரில் வரிசையே நின்றது. தொப்பை தானாகக் கரையும் என்று முதலாளி சத்தியம் செய்தார். கூடத்திலேயே பெரிய தொப்பை அவருடையதுதான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. குலுக்கினால் தயிரில் வெண்ணெய் திரளும், வயிற்றில் கொழுப்பு கரையாது என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சம்பளம் கொடுப்பவர் முறைத்தார், வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் தரை அதிர்ந்தால் யாரும் பதறுவதில்லை. சுரங்கத்துக்குள் எங்கோ ஆழத்தில் பாறை வெடிக்கும், மேலே அடுக்களையில் பாத்திரங்கள் கலகலக்கும், பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி பேசுவார்கள். கீழே பாத்திரக் கடைக்காரரும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஆனால் பாறை தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஆபீஸ் நேரம் பார்த்து வெடிக்காதே என்று ஒருநாள் சந்தேகம் வந்து மாடியேறி வந்தார். பெல்ட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்த முதலாளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“மாஸ்டர், இந்த மெஷினால ஒடுங்கிப்போன வயிறு ஒண்ணுகூட நான் பாக்கல. ஒடுங்கிப்போன குண்டான் மட்டும் கீழ மூணு கீது, வந்து பாருங்க.”

எந்த லெவல்?

அந்தச் சமயத்தில்தான் ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார். சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டை, அதாவது கேஜை, மேலே உட்கார்ந்தபடி இறக்கி ஏற்றுகிற வேலை. கண்ணும் கையும் அசையும், மற்றதெல்லாம் நாற்காலியில் இருக்கும். அப்படி இருந்து இருந்து வளர்ந்த தொப்பை.

தொப்பையைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை, ஃபாதர் கவலைப்படும் வரைக்கும். அவர்கள் பங்குக் கோவிலில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். பல வருஷமாக இயேசு வேஷம் ஆரோக்கியசாமிக்குத்தான். அவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வரும்போது பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். அந்த அழுகைதான் அவர் வாழ்க்கையின் பெரிய சம்பாத்தியம். புதிதாக வந்த ஃபாதர் போன வருஷம் நாடகத்தைப் பார்த்தார். சிலுவைக் காட்சியில், இடுப்புத் துணிக்கு மேலே அந்தத் தொப்பை தெரிந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இந்த வருஷம் வயிறு குறையாவிட்டால், ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் ஒல்லி சேவியருக்குத்தான் வேஷம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“தொப்பைய மட்டும் எடுங்க மாஸ்டர், மத்ததெல்லாம் கரெக்டா கீது” என்றார் ஆரோக்கியசாமி. வயிற்றுக்கு எத்தனை பயிற்சி செய்தாலும் உள்ளே இருக்கும் தசைதான் பலப்படும், மேலே படிந்த கொழுப்பு மொத்த உடம்பிலிருந்தும்தான் கரையும், எங்கே முதலில் கரைய வேண்டும் என்று நாம் உத்தரவு போட முடியாது என்று நான் விளக்கினேன். அவர் என்னை நம்பிக்கையில்லாமல் பார்த்தார்.

“இன்னா மாஸ்டர் இப்டி சொல்றீங்க? பூமிக்குள்ள எந்த லெவல்ல நிறுத்தச் சொல்றாங்களோ, கண்ணால பாக்காமயே அந்த லெவல்ல கேஜ நிறுத்தறேன் நானு. என் வயிறு கண்ணுக்கு எதிர்ல கீது, அங்க நிறுத்தத் தெரிலன்றீங்களே!”

கை கேட்டால் கன்னம்

சாயங்கால வகுப்பில் கமலா டீச்சர். கரும்பலகையில் எழுதும்போது மேல்கையின் சதை ஆடுகிறது, பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அந்தக் கை மட்டும் இளைக்க வேண்டும் என்று வந்தார். வகுப்பில் எல்லோரையும்விட ஒழுங்காகச் செய்தார். அரிசியைக் குறைத்தார், ராகிக் களிக்கு மாறினார், சுரங்கத்துப் பக்கம் இருக்கும் பாலகாட் பகுதியிலிருந்து பஸ் ஏறாமல் நடந்தே வந்தார். பலன் இல்லாமல் போகவில்லை. முகம் இளைத்தது, கழுத்து இளைத்தது, மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றது. மேல்கை மட்டும் ஜாக்கெட்டின் கைக்குள் போகும்போது பழையபடி முரண்டு பிடித்தது.

ஆண்களுக்கு வயிறு, பெண்களுக்கு இடுப்பும் தொடையும் மேல்கையும், உடம்பு பஞ்ச காலத்துக்கென்று சேமித்து வைக்கிற இடங்கள், அங்கே மட்டும் கடைசியில்தான் கை வைக்கும் என்று நான் படித்ததை ஒப்பித்தேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். தப்பாக ஒப்பித்த பிள்ளையைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தார்.

“கைய இளைக்க வைங்கன்னு வந்தேன், கன்னத்த இளைக்க வெச்சு அனுப்புறீங்க. ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு எனக்கு சுகர் டாக்டர் பேரு எழுதிக் குடுக்கிறாங்க மாஸ்டர்!”

ஒருசந்தி

பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கப் போவதாக ஆரோக்கியசாமி அறிவித்தார். ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே வேளைதான் முழுச் சாப்பாடு. எனக்குப் பரம சந்தோஷம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. நான் சொல்லிக் கேட்காதவர் ஆண்டவர் சொல்லிக் கேட்கிறார், எப்படியோ தொப்பை போனால் சரி என்று இருந்தேன்.

இரண்டு வாரம் ஆகியும் தொப்பையில் அசைவில்லை. கடைவீதியில் அவர் மனைவி ஃபிலோமினா எதிரே வந்தார். “இன்னாம்மா, அண்ணன் ஒருசந்தி ஒழுங்கா இருக்காரா?” என்று கேட்டேன். ஃபிலோமினா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, பொய் சொல்லப் பிடிக்காதவராகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஒருவேளதாங்க மாஸ்டர் சாப்புட்றாரு. ஆனா அந்த ஒருவேள பகல்ல ஆரம்பிச்சா, செகண்ட் ஷிப்டுக்கு சங்கு ஊதுற வரைக்கும் போவுது.”

சீனியாரிட்டி

அதன்பிறகு ஃபிலோமினா சோற்றுப் பானையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். ஆரோக்கியசாமி நிஜமாகவே இளைக்க ஆரம்பித்தார். கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, தோள் எலும்பு எட்டிப் பார்த்தது. தொப்பை மட்டும் அதே இடத்தில் அப்படியே இருந்தது. சுற்றி இருந்ததெல்லாம் வற்றிவிட்டதால் முன்னைவிடப் பெரிதாகக்கூடத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இங்கே இயேசுவைப் பிடிக்கப் போய்ப் பிள்ளையாரில் முடிந்துவிடும் போலிருந்தது.

ஒருநாள் காலை அவர் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தையும் தொப்பையையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுரங்கத்தை மூடப் போகிறார்கள், ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். யூனியன் கூட்டத்தில் கேட்டதெல்லாம் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப புரியுது மாஸ்டர். கடைசில சேர்ந்தவன் மொதல்ல வெளிய, அதான ரூலு? கன்னம் நேத்து வந்த கான்ட்ராக்ட் ஆளு, போன்னா போய்ட்டான். தொப்ப எனக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து பர்மனெண்ட்டு. அவன அவ்ளோ சுலபமா அனுப்ப முடியுமா?”

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கூடத்தில் பாதிப்பேர் சுரங்கத்துச் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

மூச்சு

ஒத்திகைக்கு என்னையும் கூப்பிட்டார். தொப்பையைக் கரைக்க முடியாவிட்டாலும் உள்ளே இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். வயிற்றுப் பயிற்சியால் தசை மட்டும்தான் பலப்படும் என்று சொன்னேன் அல்லவா, அந்தத் தசை இப்போது கை கொடுத்தது. சட்டையில்லாமல் சிலுவையில் ஏற்றினார்கள். ஆரோக்கியசாமி மூச்சை இழுத்துப் பிடித்தார். தொப்பை முதுகுக்குப் போய்விட்டது போலிருந்தது. ஃபாதர் முகம் மலர்ந்தது. நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நான் கோவிலுக்குப் போகிற ஆளே இல்லை.

எல்லாம் சரி, சிலுவையில் தொங்குகிறவர் வசனம் பேச வேண்டும் என்பதைக் குருவும் சீடரும் சேர்ந்தே மறந்துவிட்டோம். முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தார். மூச்சு வெளியே போனது, தொப்பை வெளியே வந்தது. இடுப்புத் துணி கொஞ்சம் இறங்கியது. ரோமப் போர்வீரர்கள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஆரோக்கியசாமி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொங்கினார். வேஷம் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஃபாதர் சேவியரைக் கூப்பிட்டு நிறுத்தினார். விலா எலும்பை எண்ணலாம், வயிறு தகடு. ஆனால் ஒட்டுத்தாடியை வைத்ததும்தான் எல்லோருக்கும் கண் திறந்தது. அந்த ஒல்லி உடம்பின் மேலே, சேவியருக்கு இரண்டு பக்கமும் பன்னு மாதிரி கன்னம்! எத்தனை சோகமாக வைத்தாலும் அந்த முகம் இப்போதுதான் பிரியாணி சாப்பிட்டு எழுந்தது போல இருந்தது. ஃபாதர் சிலுவையில் இருந்த ஆரோக்கியசாமியின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார், சேவியரைப் பார்த்தார், கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“சிலுவை சுமக்கிறது ஆரோக்கியசாமி, சிலுவையில தொங்குறது சேவியர். இந்தப் பங்கில் ஒரு முழு இயேசுவுக்கு இரண்டு பேர் தேவைப்படுது.”

அழுகை

பெரிய வெள்ளியன்று நீளமான அங்கி தொப்பையை மறைக்க, ஒட்டிய கன்னத்தோடும் குழி விழுந்த கண்ணோடும் ஆரோக்கியசாமி சிலுவையைச் சுமந்து வந்தார். எந்த வருஷமும் ஜனங்கள் அப்படி அழுததில்லை என்றார்கள். பட்டினியால் வந்த நிஜத் தள்ளாட்டம் அது. நானும்தான் அழுதேன். சிலுவைக் காட்சியில் சேவியர் தலையைக் குனிந்து, ஒட்டுமுடியால் கன்னத்தை மூடிக்கொண்டு, யாரையும் சிரிக்க வைக்காமல் தொங்கினார்.

மறுவாரம் திங்கட்கிழமை காலை, நான் கூடத்தைத் திறக்கும் முன்பே படியில் சேவியர் காத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு உடம்பெல்லாம் ஒண்ணும் வேணாங்க மாஸ்டர். கன்னம் மட்டும், அடுத்த பாஸ்காவுக்குள்ள.”

டூட்டியில் ஒருவன்

அடுத்த பாஸ்காவுக்குள் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். ஆரோக்கியசாமியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கேஜ் ஓடவில்லை, சங்கு ஊதவில்லை. ஒரு காலை நேரத்தில் அவர் மாடியேறி வந்து, ஓடாமல் நின்ற பெல்ட் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். கன்னம் மறுபடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை ஒருசந்தியால் அல்ல. அவரே சட்டையைத் தூக்கித் தொப்பையைத் தட்டிக் காட்டினார். பழைய சிரிப்பு வந்தது.

“பாத்தீங்களா மாஸ்டர்? பர்மனெண்ட்டு பர்மனெண்ட்டுன்னு சொன்ன எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க. இவன் ஒருத்தன்தான் இன்னும் டூட்டில கீறான்.”

ஆளை இளைக்க வைத்துச் சம்பளம் வாங்கிய நான், ஒரு தொப்பை இளைக்காமல் இருந்ததற்காகச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.