சொந்தக்காரருக்குக் கோபம் வரும்

ரயில் நிலையத்தின் கடைசி நடைமேடைக்குப் பின்னால் ஜன்னல் வைத்த ஓர் அறை உண்டு. பயணிகள் மறந்துவிட்டுப் போன குடை, பை, பல்செட், ஊன்றுகோல் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இருபத்தாறு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை நிலையத்தில் எல்லோரும் 'கொக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சிலேயே கொக்கி போட்டு ஆளை இழுத்துவிடுவார் என்பதால் வந்த பெயர்.

குடையைத் தேடி ஒருவர் வந்தால், "என்ன நிறம்?" என்று அவர் கேட்கமாட்டார். கறுப்புக் குடையைக் காலடியில் வைத்துக்கொண்டே, "சிவப்புக் குடை, ஒரு கம்பி ஒடிஞ்சது, அதானே?" என்பார். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டு வந்தவன், "ஆமா சார், அதேதான் சார்" என்று குழைவான். நிஜமான சொந்தக்காரருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "சிவப்பா? என் குடை கறுப்பு சார். கம்பியை யார் ஒடிச்சது?" என்று சண்டைக்கு வருவார். கொக்கி சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டு குடையைக் கொடுப்பார். தன்னுடையது என்ற எண்ணம் இருந்தால்தான் கோபம் வரும் என்பது அவர் கண்ட உண்மை. மனித மனத்தைப் பற்றி அவருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

அந்தப் புத்தியை வேலையிடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ஆளா அவர்? பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால், "எதுக்கு அடி போடுறான்?" என்று யோசிப்பார். மனைவியின் வாயைப் பிடுங்குவதோ அன்றாடப் பொழுதுபோக்கு. "நேத்தும் இதே உருளைக்கிழங்குதானே?" என்பார், இல்லை என்று நன்றாகத் தெரிந்தே. "நேத்து என்ன தின்னோம்னுகூடத் தெரியாத மனுஷனுக்கு ஆக்கிப்போடுறேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்தால் கரண்டியும் தட்டும் கூடச் சேர்ந்து பேசும். கொக்கி நிம்மதியாகச் சாப்பிடுவார்.

போன மாதம் அந்தச் சண்டை நின்றுபோனது.

"நேத்தும் இதே உருளைக்கிழங்குதானே?"

"ஆமாங்க."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வேறு கொக்கி போட்டார். "உங்க அக்காவுக்கு மூணு பிள்ளைங்கதானே?" அக்காவுக்கு இரண்டுதான். "ஆமாங்க" என்றாள் மனைவி, ஏதோ அலுவலகத்தில் பேசுவது போல. இப்படிக் குழைகிறவர்களை அவர் தினம் பார்க்கிறார். பொருள் தங்களுடையது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் இந்த வீடும் இந்தப் புருஷனும் இனி தன்னுடையது இல்லை என்று இவள் முடிவு கட்டிவிட்டாளா?

அதன் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் சந்தேகம். போன் வந்தால் அவள் பின்கட்டுக்குப் போய்ப் பேசினாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் குரல் இறங்கியது. "யாரு?" என்றால், "அக்காங்க." இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டாலும் அதே பதில். பொய் சொல்பவர்கள் இரண்டாம் முறை கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். இவள் மாற்றவில்லை, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தபோது, கட்டிலுக்கடியில் அவளுடைய பயணப் பெட்டியைப் பார்த்தார். தடயம் இல்லாமல் பெட்டி திறப்பது அவருக்குக் கைவந்த கலை. மேலே நாலு துணி. அடியில் ஓர் உறை நிறைய அவளுடைய சான்றிதழ்கள், அம்மாவின் போட்டோ. எல்லாவற்றுக்கும் கீழே உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் நூல் தொப்பி. கொக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் பெட்டி திறந்தவருக்கு இது தெரியாதா? திரும்பி வருகிறவர்கள் துணி எடுத்துப் போவார்கள். வரப்போவதில்லை என்று போகிறவர்கள்தான் காகிதம் எடுத்துப் போவார்கள்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"அக்கா வீட்டுக்குப் போறியா?"

"ஆமாங்க, நாளைக்கு. சொல்லணும்னு இருந்தேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பாக்கலாங்க."

பிடி கொடுக்கவில்லை. "நம்ம கல்யாணத்தன்னைக்கு நல்ல மழை, இல்ல?" அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. "ஆமாங்க." அவருக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில், போடவே கூடாத கொக்கியைப் போட்டார்.

"நம்ம பையன் பதினோரு நாள்தானே இருந்தான்?"

அவள் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. "ஆமாங்க. பதினொண்ணு."

"பத்தொன்பது!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "பத்தொன்பது நாள். கடைசி நாள் காலைல ஆறே முக்காலுக்கு. வலது கைய மூடி வச்சிருந்தான். எப்படிடி நீ ஆமாங்குற? எப்படி உனக்கு வாய் வந்துச்சு?"

கத்தியது தான்தான் என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. முகமெல்லாம் எரிந்தது. இருபத்தாறு வருஷமாக ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தியவர்களின் கோபம் அது.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

"அவன் போன மூணாம் நாளே வேலைக்குப் போனீங்க. இருபத்துமூணு வருஷமா அவனைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஊரான் குடையைப் பத்திப் பேசுவீங்க. போன மாசம் அவன் பொறந்த நாள். 'என்ன, இன்னைக்கு மூஞ்சி இப்படி இருக்கு'ன்னு கேட்டீங்க. அதோட விட்டுட்டேன். இந்த மனுஷன்கிட்ட இனி சண்டை எதுக்குன்னு."

"தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றார் கொக்கி. "நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

"என்கிட்டயுமா கொக்கி?" என்றாள். பிறகு, "பெட்டியைத் திறந்தீங்கதானே?"

"திறந்தேன்."

"தெரியும். பூட்டைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருந்தேன். இப்ப இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு." அவளும் இருபத்தைந்து வருஷம் அவரோடு குப்பை கொட்டியவள்தானே.

மறுநாள் அவள் போகத்தான் போனாள். கொக்கி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் ஏற்றிவிட்டார். முந்தினநாள் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தபோது இருந்ததைவிடப் பெட்டி லேசாக இருந்தது போலத் தோன்றியது. காகிதங்களை எடுத்து வைத்துவிட்டாளோ என்ற தன் ஆசையை அவரே நம்பவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சான்றிதழ்கள் வழக்கமாக இருக்கும் அலமாரி இழுப்பறையை நேரே போய்த் திறந்தார். சான்றிதழ் உறை உள்ளே இருந்தது. அதன்மேல் மஞ்சள் தொப்பி, அவர் கண்ணில் படுகிற மாதிரி.

தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடிந்ததும் மறுபடியும் சந்தேகம். காகிதத்தை விட்டுவிட்டுப் போனதே தன்னைச் சமாதானப்படுத்த ஒரு தந்திரமாக இருந்தால்? போனை எடுத்தார்.

"போய்ச் சேந்துட்டியா? எப்ப வர்ற?"

"புதன்கிழமைங்க."

மரியாதையான குரல்.

"செவ்வாய்க்கிழமைதானே?" என்றார்.



"புதன்னு இப்பத்தானே சொன்னேன்? அங்க எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கேன், ரெண்டு நாள் நிம்மதியா இருக்க விடுறீங்களா? அடுப்புல பால் வச்சிருந்தா போய் அணைங்க முதல்ல!"

கொக்கி பால் எதுவும் வைத்திருக்கவில்லை. "இதோ அணைக்கிறேன், நீ திட்டு" என்றார்.