அக்கா வீட்டுக் கிணற்றில் தங்கம்

போன வாரம் ஒன்றரை நாள் நான் தங்கச் சுரங்கத்துக்குப் பங்காளியாக இருந்தேன். சிரிக்காதீர்கள்... அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அக்காவின் ஊர், அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே. குடிதண்ணீருக்குத் தினமும் முக்கால் மைல் நடக்கிறாள். அதனால்தான் கொல்லையில் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். நான்கு ஆள் ஆழத்தில், கறுப்புக் களிமண்ணுக்குள் ஒரு கல். என்ன கனம்! உடைந்த இடத்தில் மஞ்சளாக மின்னியது.

மச்சான் அதை வேட்டியில் முடிந்துகொண்டு மேலே ஏறிவிட்டார். யுத்த காலம் அல்லவா? விஷயம் கசிந்தால் சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று பயம். வேலையாட்களிடம் ஒரு பொய் சொன்னார் — ஐயனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன், சிவப்புப் பூ வந்துவிட்டது, இனித் தோண்டக் கூடாது என்று.

நான் போய் இறங்கியதும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"தங்கத்தைக் காய்ச்சியா குடிக்கிறது? எனக்குத் தண்ணிதான் வேணும். தெரிஞ்சவங்ககிட்ட இதைக் காட்டிட்டு வா தம்பி."

பெரம்பலூர் பக்கம் பாறைகளை ஆராய வந்த ஆபீசர் ஒருவர் கூடாரம் போட்டிருந்தார். மச்சானை, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரி போட்டு ஓட்டும் கரி பஸ்ஸில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனேன். ஆபீசர் கல்லில் ஒரு சில்லைத் தட்டி நெருப்பில் போட்டார். குப்பென்று நெடி!

"கந்தகம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு. தங்கம் இல்லீங்க."

மச்சானின் முகம் தொங்கிப் போயிற்று. "இன்னும் ஆழமாப் போனா வருங்களா சார்?"

"வராதுங்க. தங்கமெல்லாம் ரொம்பப் பழைய பாறையோட சரக்கு. அதோ மேற்கால தெரியுதே குன்று, அந்த வயசுக் கல்லுல தேடணும். உங்க கொல்லை, கடல் ஒதுக்கிட்டுப் போன சேறு. நேத்து வந்தது."

"நேத்துன்னா?"

"சில கோடி வருஷம்" என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சித்திரையில் மாம்பழம், தையில் கரும்பு என்பது போல, பூமிக்கும் பருவம் உண்டாம்! இரும்புக்கு ஒரு காலம், சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு காலம். தங்கம் போனதற்கு வருத்தமே இல்லை... கால் வைத்திருக்கும் இடம் கடல் என்று தெரிந்தபின் யார் வருத்தப்படுவார்கள்? பூமி நேரம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறது. நம் ஆசைதான் நேரம் காலம் பார்ப்பதில்லை.

சரி, கிணறு? அங்கேதான் சிக்கல். ஐயனார் வேண்டாமென்ற கிணற்றில் இறங்கமாட்டோம் என்று வேலையாட்கள் சொல்லிவிட்டார்கள். தன் பொய்யிலேயே மச்சான் மாட்டிக்கொண்டார்.

"மறுபடி பூக்கட்டிக் கேட்போம்" என்றாள் அக்கா. வெள்ளைப் பூவுக்கு ஒன்று, சிவப்புப் பூவுக்கு ஒன்று என்று வாழையிலையில் அவளே இரண்டு பொட்டலம் மடித்தாள். எல்லோர் முன்னிலையிலும் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளைப் பூ! உத்தரவு கிடைத்துவிட்டது. ஆட்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள்.

சந்நிதியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை நான் சும்மா பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை.

அக்காவைப் பார்த்தேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஐயனாருக்கும் தண்ணி வேணும்ல, தம்பி?"