குளிக்கும் பெண்களுக்கு ஒரு காவல்காரன்

மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் ரயிலேறி நகரத்துக்குப் போய், ஒரு கலைக்கூடத்தில் நாள் முழுவதும் ஒரே ஓவியத்துக்குக் காவல் நிற்பவன் நான். கலைக்கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். வேலை இன்னும் கையில் இருக்கிறது. என் பெயர் மகேந்திரராசா. எட்டு மாதமாகக் காவல் காத்த ஓவியத்தை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வாழ்க்கையில் சொல்லத்தக்க ஒரே சாதனை.

ஓவியம் ஐரோப்பாவிலிருந்து கடனாக வந்தது. வயது நானூறுக்குக் கிட்ட. முதல் நாள் அரைப் பார்வையில் தெரிந்தது இவ்வளவுதான்: ஆறு, குளிக்கும் பெண்கள், உடம்பில் ஒரு நூலிழையும் இல்லை. எங்கள் ஊரில் கிணற்றடியில் பெண்கள் குளித்தால், அந்தப் பக்கம் போகும் ஆண் செருமிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவான். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. காலையில் அறை வாசலில் நின்று செருமுவேன்; பிறகு ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு ஏதோ தொற்று என்று நினைத்துப் பார்வையாளர்கள் தள்ளி நடந்தார்கள்.

என் மேற்பார்வையாளன் டெரன்ஸ், மலேசியத் தமிழ்ப் பையன். "அங்கிள் மட்டும்தான் லா ஆளுங்கள கவனிக்கிறாரு. மத்தவங்க படத்த பாத்துட்டு நிக்கிறாங்க" என்று எல்லோரிடமும் என்னைப் புகழ்ந்தான். நானும் பெரிய உத்தமன் என்ற நினைப்பில் டையை இறுக்கிக்கொண்டேன்.

மனைவி நாகபூசணியிடம் மட்டும், படத்தில் ஆறும் மரமும் இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. மிச்சத்தை, படத்தைப் பார்த்துவிட்டு வந்த தனேஸ்வரி அன்ரி கோயிலில் அவளுக்குச் சொல்லிவிட்டார். அதன்பிறகு வீட்டில் பேச்சில்லை, கறியில் உப்பில்லை. பிறகு ஒருநாள் திடீரென்று கணவாய்ப் பொரியல். காரணம் கேட்டால் அதுவும் போய்விடும் என்று வாய் திறக்காமல் சாப்பிட்டேன்.

போன மாதம் ஒரு பார்வையாளர், ஓவியத்தின் நடுவில் நிற்கும் பெண்ணின் முதுகில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைக் காட்டி, யாரோ கீறிவிட்டார்கள் என்றார். டெரன்ஸ் ஓடி வந்தான்.

"அங்கிள், இந்தக் கோடு நேத்து இருந்துச்சா?"

"தெரியாது தம்பி."

"எட்டு மாசமா இங்கதானே நிக்கிறீங்க?"

"நிண்டனான். பார்க்கேல்லை."

அவன் என்னையும் ஓவியத்தையும் மாறிமாறிப் பார்த்தான். நிபுணர் வந்து சோதிக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கீறல் புதிது என்றால் வேலை போகும் என்பதை டெரன்ஸும் மறைக்கவில்லை. இதற்கு முன் நான் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்றவன். வீட்டுக்கு வந்தால் சோறு பிசைய விரல் மடங்காது. திரும்பவும் அங்கே போவதை நினைத்ததும் ரயிலிலேயே அழுகை வந்தது. மானத்தைக் காக்கப் போய்ச் சோற்றைக் கோட்டைவிட்டேன்.

குசினி வாசலில் நின்றபடியே நாகபூசணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், நூலிழை இல்லாததையும் சேர்த்து. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"கோவியாதேங்கோ. நீங்கள் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள் எண்டு பிடிக்க நான் ஒருநாள் அங்க வந்தனான். போட்டோவும் எடுத்தனான், சண்டைக்கு."

விரல்களால் பெரிதாக்கிக் காட்டினாள். அதே முதுகு, அதே வெள்ளைக் கோடு. அவள் வந்துபோய் மாதக்கணக்காகிறது. போட்டோவின் ஓரத்தில் நான், ஓவியத்துக்கு முதுகைக் காட்டி, சுவரில் தொங்கும் தீயணைப்பானைப் பக்தியோடு பார்த்தபடி.

"சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு. வாற வழியில கணவாய் வாங்கினனான்" என்றாள். என் மேல் அவளுக்கு இவ்வளவு அன்பு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போட்டோ டெரன்ஸுக்குப் போனது. அது பழைய வெடிப்பு என்று நிபுணரும் சொன்னார். வேலை திரும்பி வந்தது, ஒரு புதுக் கட்டளையோடு: இனிமேல் காலையில் ஓவியத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் பார்க்கவேண்டும்.

கட்டளை வந்த முதல் நாள் செருமிவிட்டு ஓவியத்தின் பக்கம் திரும்பினேன். பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துப் பயந்து, கரையில் கிடந்த துணிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் ஒருவன் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை நாளும் நான் காத்தது என் மரியாதையை மட்டும்தான். இன்னொரு முறை பலமாகச் செருமினேன். பக்கத்தில் நின்ற மாணவர்கள் விலகினார்கள், அவன் அசையவில்லை.

மாலையில் நாகபூசணியிடம் அவனைப் பற்றிச் சொன்னேன்.

"ஓம், அவனை நான் அண்டைக்கே கண்டனான்" என்றாள். "நீங்கள் காவலுக்கு நிக்கிறபடியால் உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."