பாஸ்கரன் பிடுங்கிவைத்த மவுஸ்

சனிக்கிழமை மாலை என்னோடு வாதாடிக்கொண்டிருந்தபோதே பாஸ்கரனுக்கு நெஞ்சு வலித்ததா? அவர் மனைவி இதைத்தான் கேட்டார். தெரியவில்லை என்றேன். இப்போதும் தெரியவில்லை.

ஞாயிறு காலை உடன் வேலை செய்யும் மஞ்சுநாத் போன் செய்தார். "மேடம், பாஸ்கரன் சார் தவறிட்டாரு." எந்தப் பாஸ்கரன் என்று கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு பாஸ்கரன்தான்.

முன்பு இதே அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் சுபாவம் தெரியும். மல்லேஸ்வரத்தில் நான் வீடு மாறியபோது சாப்பிட அழைத்திருந்தேன். இலை போட்டாயிற்று, மனிதரைக் காணோம். என் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தார். "ஆஃப் பண்ணியும் கரண்ட் இழுக்குது மேடம். தூங்குற மாதிரி நடிக்குது." சாம்பார் ஆறிய பிறகுதான் வந்தார்.

கடைசித் தகராறும் தூக்கத்தைப் பற்றியதுதான். ஹோசூருக்கு அனுப்பவேண்டிய எங்கள் தயாரிப்பான புதிய டெஸ்க்டாப், ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போனால் இரவில் தானாக விழித்துக்கொண்டது. நெட்வொர்க் கார்டுதான் எழுப்புகிறது, போர்டை மாற்றாமல் அனுப்பக்கூடாது என்று, சோதனைப் பொறுப்பிலிருந்த பாஸ்கரன் ஒரு வாரமாகச் சரக்கை நிறுத்திவைத்திருந்தார். கீழ்த்தளத்து ஜெனரேட்டர் ஓடும்போது மேஜை அதிர்கிறது, மவுஸ் நகர்கிறது, அதனால் விழிக்கிறது என்றேன் நான்.

"உங்க மவுஸ் கதைய நான் நம்பல மேடம்."

"உங்க நெட்வொர்க் கதைய நானும் நம்பல."

"நோடோண" என்றார். பார்க்கலாம் என்பதற்கு அவர் எப்போதும் சொல்லும் கன்னடம் அது. மவுஸைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். நெட்வொர்க் ஒயரைச் சொருகியபடியே விட்டார். கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டார். "திங்கக்கிழமை இது முழிச்சிருந்தா எனக்கு மசால் தோசை. தூங்கிட்டிருந்தா சரக்க அனுப்பிடுங்க, நான் வாயே தொறக்கல."

ஞாயிறன்று ஸ்ரீராம்புரத்தில் அவர் வீட்டுச் சந்தில் நின்றபோது எங்கள் மேலாளர் மெல்லச் சொன்னார்: "நல்ல மனுஷன். ஆனா கடைசியில சரக்க வீணா நிறுத்தி வெச்சுட்டாரேன்னு சொல்லுவாங்க." உள்ளே அவரைக் கிடத்தியிருந்தார்கள். என் கருத்து தப்பாக இருக்கவேண்டும் என்று அன்றுதான் முதன்முதலாக விரும்பினேன்.

மறுநாள் சோதனை அறையைத் திறந்தோம். கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஒருமுறைகூட அது விழிக்கவில்லை என்று கம்ப்யூட்டரின் பதிவில் இருந்தது. மஞ்சுநாத் மவுஸைச் சொருகி, மறுபடி ஸ்லீப்பில் போட்டு, ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னார். மேஜையில் கை வைத்தால் மட்டுமே தெரிகிற அதிர்வு. யாரும் தொடாமல் திரை ஒளிர்ந்தது.

"நீங்க சொன்னதுதான் மேடம்" என்றார் மஞ்சுநாத், என்னைப் பார்க்காமல்.

"அப்ப ஒரு வாரம் வேஸ்ட்" என்றார் மேலாளர்.

"நான் சும்மா சொன்னேன் சார். சோதிச்சுப் பார்த்தது அவர்தான்" என்றேன். அது அஞ்சலிக்காகச் சொன்னதல்ல. எத்தனையோ வருடம் சந்தேகப்பட்டே பழகிய எனக்கு, என் சந்தேகத்தையும் சோதிக்கவேண்டும் என்று தோன்றியதில்லை. அவரிடமிருந்து என்னோடு இருக்கப்போவது அந்த ஒன்றுதான்.

மவுஸ் எழுப்பாதபடி அமைப்பை மாற்றினோம். மதியம் சரக்கு கிளம்பியது. சாயங்காலம் லாரி டிரைவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அத்திபெலே தாண்டிட்டோம். பாஸ்கரன் சார்கிட்ட சொல்லிடுங்க மேடம், இல்லன்னா திட்டுவாரு."

டிரைவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பிறகு சொன்னேன்.